உம்மா கூட்டிப் பெருக்கிய ஆராய்ச்சி

எங்கள் கரையில் ஒரு குமருக்குக் கலியாணம் பேசும்போது முதலில் விசாரிக்கப்படுவது பெண்ணல்ல, வீடு. பெண் வீட்டார்தான் வீடு கட்டிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து குடியேறுவார். கல்முனையிலிருந்து தெற்கே போகிற பஸ்ஸில் யன்னலோரமாக இருந்து பார்த்தால், பாதியில் நிற்கிற சுவர்களை வைத்தே எந்தெந்த வளவில் குமர்கள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். என் இரண்டு ராத்தாமாருக்கும் உம்மா அப்படித்தான் கட்டிக் கொடுத்தார். இரண்டாவது வீட்டைக் கட்டியது வாப்பா மௌத்தான பிறகு. மேசனோடு சண்டை, ஓட்டுக் கடைக்காரரோடு சண்டை, மண் ஏற்றி வந்த வண்டிக்காரரோடு சண்டை என்று தனியாளாக நின்று கட்டி முடித்தார்.

மூன்றாவது நான். எனக்கென்று எங்கள் வீட்டை அடுத்துக் கடற்கரைப் பக்கம் ஒரு வளவை உம்மா ஒதுக்கி வைத்திருந்தார். தென்னந்தோட்டமாக இருந்த அந்த வளவைச் சூறாவளி ஒரே இரவில் துடைத்துவிட்டது. விழுந்த மரங்களை ஏற்றிக்கொண்டு போன பிறகு அங்கே மிஞ்சியது வெறும் மணல். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லதாப் போச்சி, அத்திவாரம் வெட்டுறதுக்கு லேசி," என்றார். ஊரே தென்னைகளை நினைத்து அழுதுகொண்டிருந்த நேரம் அது.

எனக்குக் கலியாணத்தில் வெறுப்பொன்றும் இருக்கவில்லை. அவசரம் இல்லை, அவ்வளவுதான். பெண்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கிடைத்ததையெல்லாம் வாசித்தேன், உம்மாவோடு நாள்தோறும் வாய்ச்சண்டை பிடித்தேன். வாழ்க்கை நிறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கப் போகிறார்கள் என்ற கதை காதில் விழுந்தபோதுதான் கணக்குப் போடத் தொடங்கினேன். சுவர் எழும்பினால் கூரை வரும். கூரை வந்தால் சூட்கேசும் வரும்.

அந்தக் கிழமைதான் கல்முனையில் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு கருத்தரங்கு நடந்தது. தலைநகரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஒல்லியான சிங்கள மனிதர், அவரைவிட அவருடைய தொப்பிக்குத்தான் கனம் அதிகம் போலிருந்தது. ஆங்கிலத்தில் மெதுவாகப் பேசினார். நாடு முழுக்கச் சில துண்டு நிலங்களைத் தெரிந்தெடுத்து, எல்லாவற்றையும் ஒரே முறையில், வருடா வருடம், பல காலத்துக்கு அவதானிக்கப் போகிறார்களாம். மலைநாட்டில் ஒரு காட்டுத் துண்டு, வரண்ட பக்கத்தில் ஒரு குளக்கரை, மேற்குக் கரையில் ஒரு கண்டல் சதுப்பு என்று இடங்கள் ஏற்கெனவே கிடைத்துவிட்டன. ஒரு நிலத்தை மட்டும் பார்த்தால் அந்த நிலத்தின் கதைதான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே அளவுகோலால் அளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நாடு எப்படி மாறிக்கொண்டிருக்கிறது என்று விளங்கும் என்றார். அதற்காகத்தான் இந்த வலைப்பின்னல். கிழக்கில் அவருக்குத் தேவைப்பட்டது சூறாவளி துடைத்துப் போட்ட ஒரு கடலோரத் துண்டு. அதில் தானாக என்னென்ன திரும்பி வருகிறது என்று பார்க்க வேண்டும்.

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார். "பத்து வருடத்துக்கு அந்த நிலத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. ஒன்றும் நடக்கூடாது, வெட்டக்கூடாது, கட்டக்கூடாது."

மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். "கட்டக்கூடாது" என்ற சொல் அவர் வாயிலிருந்து முழுதாக வெளியே வருவதற்கு முன்னமே என் கை மேலே போய்விட்டது.

வளவு உம்மாவின் பெயரில் இருந்தது. எங்கள் பக்கம் நிலம் உம்மாவிடமிருந்து மகளுக்கு இறங்குவதுதான் வழக்கம். ஆகவே அவருடைய சம்மதம் வேண்டும். நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னேன். பத்து வருடம் என்பதையும் சொன்னேன். பெரிய சண்டை ஒன்றுக்குத் தயாராகத்தான் போனேன். உம்மா வெற்றிலையை மடித்து வாய்க்குள் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"கம்பு நட்டுட்டுப் போறவன் எவன், புள்ள, திரும்பி வந்திரிக்கான்? சூறாவளிக்குப் பொறகு நம்மட ஊட்டச் சுத்தி எத்தினை பேர் வந்து கம்பு நட்டானுகள்? றோட்டுக்கு எண்டானுகள், தண்ணி ஓடுற கானுக்கு எண்டானுகள். ஒருத்தன் வந்தானா? இவனும் நட்டுட்டுப் போகட்டும். ரெண்டு மாசத்தில மறந்திருவான். மறுகா நாம அத்திவாரம் வெட்டுவம்."

அரசாங்கத்தைப் பற்றி உம்மாவுக்கு இருந்த அனுபவம் அப்படி. பிழையென்று சொல்ல என்னாலும் முடியவில்லை. உள்ளுக்குள் எனக்கும் அதே பயம்தான் இருந்தது. வளவில் நான்கு மூலைக்கும் நான்கு கம்பு நட்டார்கள், வேலி போட்டார்கள், ஒரு மழைமானி வைத்தார்கள், போனார்கள்.

வந்தார்கள். அதுதான் அந்தத் திட்டத்தின் அதிசயம். அடுத்த வருடம் அதே மாதத்தில் அதே ஜீப் வந்து நின்றது. அதற்கடுத்த வருடமும் வந்தது. உம்மா வாசலில் நின்று, கடன்காரனைப் பார்ப்பது போல அந்த ஜீப்பைப் பார்த்தார்.

வளவும் சும்மா இருக்கவில்லை. முதலில் அடம்பன் கொடி மணலில் படர்ந்தது. பிறகு இராவணன் மீசைப் புல், பிறகு எருக்கலை, அதன் பிறகு யார் சொல்லியும் கேட்காத நாயுண்ணிப் பற்றை. மாதத்துக்கு ஒரு தரம் நான் வேலிக்குள் போய், எல்லாம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்தேன். பூவரசு ஒன்று தானாக முளைத்து என் தோளைத் தொட்டது. பற்றைக்குள் ஒரு சோடிச் செண்பகக் குருவி கூடு கட்டியது. ஒரு உடும்பு வந்து குடியேறியது. ஊர் ஆடுகளெல்லாம் வேலியில் ஓட்டை தேடுவதையே தொழிலாக வைத்திருந்தன. அவற்றைக் கல்லால் அடித்து விரட்டியதில் என் குறி நன்றாகத் தேறியது.

கலியாணம் பேச வந்தவர்களுக்கு வளவைக் காட்டுகிற பொறுப்பை நான் மிகுந்த விருப்பத்தோடு எடுத்துக்கொண்டேன். ஒரு மாப்பிள்ளையின் உம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார்.

"இதென்ன மகள், வளவுக்க பத்தக்காடு?"

"ஆராய்ச்சி மாமி."

"எப்ப முடியும்?"

"முடியாது மாமி. பத்து வருசத்துக்குக் கை வைக்க ஏலா. உள்ளுக்க பாம்பு கீம்பு கிடந்தாலும் அடிக்க ஏலா. கொழும்பில கேக்கணும்."

அந்த மாமி, உம்மா முட்டையும் கருப்பட்டியும் போட்டு அவித்த வட்டிலப்பத்தைக்கூடத் தொடாமல் எழும்பிவிட்டார். இப்படிப் பல பேர் வந்து போனார்கள். ஒவ்வொரு தரமும் உம்மா வெற்றிலைத் தட்டத்தைச் சற்றுப் பலமாகவே மூடுவார். நான் எருக்கலையை அளக்கப் போய்விடுவேன்.

இதெல்லாம் கலியாணத்துக்குப் போட்ட தடுப்பு மட்டும்தான் என்று யாராவது நினைத்தால் அது அநியாயம். இந்தத் துண்டு நிலங்களுக்கு நிலையம் என்று பெயர்; வருடத்துக்கு ஒரு தரம் தலைநகரில் எல்லா நிலையக்காரர்களும் கூடுவார்கள். மூத்த மச்சான் எனக்குத் துணையாக வந்து, கடைசி வரிசையில் வாயைத் திறந்தபடி நித்திரை கொள்வார். மலைநாட்டு நிலையக்காரர் தன்னுடைய பாசிகளைப் பற்றி, பிள்ளை பிறந்த வீட்டுக்காரரைப் போலப் பேசுவார். கண்டல் சதுப்புக்காரரின் கால்சட்டை எப்போதும் முழங்கால் வரைக்கும் சேறாகவே இருக்கும். நான் எழும்பி என் நாயுண்ணியைப் பற்றிச் சொல்வேன். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். எங்கள் ஊரில் நான் சொல்வதைச் சிரிக்காமல் கேட்கிற ஒரு கூட்டத்தைக் கண்டது கிடையாது. அந்த மண்டபத்தில் என் வளவு, மலைக் காட்டுக்கும் குளக்கரைக்கும் உறவாகிவிட்டது. எனக்கு அந்தக் கூட்டம் மிகவும் பிடித்திருந்தது.

மூன்று வருடம் போனதும் பேராசிரியரே வருகிறார் என்று அறிவித்தல் வந்தது. நிலையங்களை நேரில் பார்த்து, வலைப்பின்னலில் நிரந்தரமாகச் சேர்ப்பதா விடுவதா என்று அவர்தான் முடிவு செய்வார். நிரந்தரமானால் மிச்சக் காலம் முழுவதும் யாராலும் அசைக்க முடியாது. இதை உம்மாவிடம் நான் கொஞ்சம் வெற்றிக் குரலில் சொல்லியிருக்கக்கூடும். உம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தார். "எத்தினை பேர் வாறாங்க? சோறாக்கணும்," என்று மட்டும் கேட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அன்று விடிய, சுபஹு தொழுத கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து நான் விருந்தாளிகளைக் கூட்டிவரக் கல்முனைக்குப் போனேன். ஜீப்புக்கு அம்பாறைப் பக்கம் எங்கோ டயர் போய்விட்டது. பஸ் டிப்போவுக்கு முன்னால் வெயிலில் நின்று, வருகிற போகிற ஜீப்பையெல்லாம் பார்த்து ஏமாந்தேன். உச்சி சாய்ந்த பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். பேராசிரியர், அவரோடு கெமராவும் கையுமாக மலைநாட்டு நிலையக்காரர், பிறகு டிரைவர். டிரைவர் எங்கள் பக்கத்து ஆள். தமிழும் சிங்களமும் ஒரே வேகத்தில் கதைப்பார். வழி நெடுக நான் என் பூவரசின் புகழைப் பாடிக்கொண்டே வந்தேன்.

எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் புகை மணத்தது. பச்சை இலை எரிகிற மணம். ஒழுங்கை முழுவதும் தண்ணீர் தெளித்துப் பெருக்கியிருந்தது. ஒழுங்கைப் பெண்களெல்லாம் சேலை முந்தானையை இடுப்பில் செருகியபடி வரிசையாக நின்றார்கள். கையில் மண்வெட்டி, கத்தி, விளக்குமாறு. நடுவில் உம்மா நின்றார். முகத்தில் அப்படி ஒரு பணிவு. அந்தப் பணிவை நான் அதற்கு முன் கண்டதில்லை.

வளவில் ஒன்றும் இல்லை. நாயுண்ணி இல்லை, எருக்கலை இல்லை, பூவரசு இல்லை. வேலிக்கு உள்ளே முழுவதும் வெள்ளைக் கடல்மணல் பரப்பி, கலியாண வீட்டு முற்றம் போலக் கோலமாகக் கூட்டியிருந்தது. நான்கு மூலைக் கம்புகளுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மழைமானியைப் புளி போட்டு மினுக்கி, கழுவிய பானையைப் போல வேலிக் கட்டையில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நடுவில் கதிரைகள் போட்டு, ஒரு சிறு மேசையில் பூப்போட்ட விரிப்பும் விரித்திருந்தது. பக்கத்து வீட்டுக் கூரையில் செண்பகம் ஒன்று இருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"விருந்தாளி வாற இடத்தக் கூட்டாம வைக்கிறதா?" என்றார் உம்மா, யாரும் கேட்காமலே. "கொழும்பில இருந்து பெரிய ஆக்கள் வாறாங்க. பத்தைக்குள்ளயா இரித்திறது?"

 எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.  மூன்று வருடமாக அந்தப் பற்றை மாப்பிள்ளைகளை விரட்டியதற்காகத்தான் அதன்மேல் எனக்குப் பிரியம் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை என்று அந்த வெள்ளை மணலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் பூவரசு அடுத்த மாரியில் பூத்திருக்கும்.

பேராசிரியர் தொப்பியைக் கழற்றினார்.  மலைநாட்டுக்காரர், பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் சுண்ணாம்பு அடித்த கம்பொன்றைப் படம் எடுத்தார். பிறகு பேராசிரியர் உம்மாவிடம் சில கேள்விகள் கேட்க விரும்புவதாக என்னிடம் சொன்னார். நான் வாயைத் திறந்தேன்.

"நீ பேசாத," என்றார் உம்மா. "நீ சொன்னா உன்ட பக்கத்துக்குத்தான் திருப்பிச் சொல்லுவா. டிரைவர் தம்பி சொல்லட்டும்."

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நடுவில் வந்து நின்றார்.

"எப்ப வெட்டினீங்க எண்டு கேக்கிறார்."

"சுபஹு தொழுதுட்டு இறங்கின. பகல் லுஹருக்கு முந்தி முடிஞ்சி."

"மேலால வெட்டினீங்களா, வேரோட கிண்டினீங்களா எண்டு கேக்கிறார்."

உம்மாவுக்கு அந்தக் கேள்வி அவமானமாகப் பட்டது. "வேரோட! அரைகுறை வேலை எங்கட வழக்கத்தில இல்ல. நெருப்பும் வச்ச. வேணுமெண்டா மணலக் கிண்டிப் பாக்கச் சொல்லுங்க தம்பி."

பேராசிரியர் ஒவ்வொரு பதிலுக்கும் பக்தியோடு தலையாட்டினார். உம்மாவுக்கு அது பாராட்டாகத் தெரிந்தது. பிறகு அவர் என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாக, விதி என்ன என்று உனக்குத் தெரியும் என்றார். தெரியும். கை வைத்த நிலம் வலைப்பின்னலில் இருக்க முடியாது.  உம்மா என் முகத்தைப் பார்த்தார்; அவருக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை. வென்றுவிட்டார்.

வென்றவருக்குத் தாராள மனம் வந்துவிடும். வீட்டுக்குள் நடந்தது அப்படியொரு விருந்து. நெய்ச்சோறு, கோழி, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி. வட்டிலப்பம் வந்தபோது பேராசிரியர் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். நான் மூலையில் நின்று, இனி எந்த நாளில் நூல் பிடிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது கோப்பை வட்டிலப்பத்தின் நடுவில் அவர் கரண்டியைக் கீழே வைத்தார். எழும்பி யன்னலால் வளவைப் பார்த்தார். திரும்பி மலைநாட்டுக்காரரோடு சிங்களத்தில் வேகமாகப் பேசினார். இருவருடைய முகத்திலும் ஒரு வெளிச்சம் வந்தது. டிரைவர் அதைக் கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீரைக் குடித்தார்.

"உம்மா," என்றார் டிரைவர். "ஐயா சொல்றார், இந்த நிலம் இப்ப நாட்டில வேற எங்கயும் இல்லாத நிலமாம். ஒரு தரம் சூறாவளி வெறுமையாக்கினது. அதுக்குப் பொறகு என்ன வந்ததெண்டு மகள் முழுதாப் பார்த்து வச்சிரிக்கா. இப்ப ரெண்டாந் தரம் மனுசக் கையால வெறுமையாகியிரிக்கி. எண்டைக்கு, எப்பிடி, வேரோடயா இல்லயா, எல்லாம் தெரியும். காத்து வெறுமையாக்கின இடத்தில வாறதும், கை வெறுமையாக்கின இடத்தில வாறதும் ஒண்டா எண்டு இஞ்சதான் பாக்கலாமாம். மத்த நிலையக்காரர் ஆருக்கும் இந்த வாய்ப்பு இல்லையாம். விதியை மாத்திறதுக்கு அவர் கதைப்பாராம். நீங்க ஓம் எண்டா, இண்டையில இருந்து திரும்பவும் தொடங்கலாமாம்."

"திரும்பவும் எண்டா?"

"பத்து வருசம்."

உம்மா கையிலிருந்த வட்டிலப்பக் கோப்பையை மேசையில் வைத்தார். மூன்று வருடத்தை விழுங்கிவிட்ட ஒரு திட்டத்தை ஒழிக்கப் போய், அந்த மூன்றையும் தன் கையாலேயே திட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிய அழுகைக்குப் பிறகு வருகிற சிரிப்பு என்பதால் அது பெரிய சத்தமாகவே வந்தது. உம்மா என்னைப் பார்த்த பார்வையில் அது நின்றுவிட்டது.

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். வளவு அவருடையது. அத்திவாரம் அடுத்த நாளே வெட்டலாம். எல்லாரும் காத்திருந்தோம்.

"இந்த ஐயா இனியும் வருவாரா எண்டு கேளுங்க தம்பி," என்றார் உம்மா.

"ஒவ்வொரு வருசமும் வருவாராம்."

"அவருக்கு வயசாயிரிக்கே."

டிரைவர் அதை எப்படிச் சொன்னாரோ, பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "தனக்கு ஏலாமப் போனா வேற ஆள் வருமாம். அவருக்கும் ஏலாட்டி இன்னொரு ஆள். இது ஒரு ஆள்ர வேலை இல்லையாம்."

உம்மா மேசையில் வைத்த கோப்பையைத் திரும்ப எடுத்தார். "சூறாவளிக்குப் பொறகு வாறம் எண்டு சொன்னவங்கள்ள சொன்ன மாதிரி வந்தது இவங்க மட்டுந்தான்," என்றார், யாருக்கும் சொல்லாதது போல. பிறகு டிரைவரிடம், "ஓம் எண்டு சொல்லுங்க," என்றார். "மறுகா அந்த ஐயாக்கு இன்னும் கொஞ்சம் வட்டிலப்பம் போடுங்க."

ஜீப் போனது. ஒழுங்கைப் பெண்கள் தங்கள் மண்வெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றும் விளங்காமல் வீட்டுக்குப் போனார்கள். நான் கதிரைகளை அடுக்கினேன். உம்மா வேலியோரம் நின்று அந்த வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். ஒரு சீண்டல் வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"நான் மாப்பிள்ள தேடுறத உட்டுட்டன் எண்டு நினைக்காத," என்றார் உம்மா.

"ஊடு இல்லாம ஆர் வருவான் உம்மா?"

"அதத்தான் பாக்கப் போறன். உன்ட ரெண்டு மச்சான்மாரும் நம்மட ஊட்டுக்கு வந்து முதல்ல பார்த்தது சுவர. தட்டிப் பார்த்தானுகள், ஒருத்தன் சீமெந்து காணாது எண்டான். அந்தச் சுவர எழுப்பி என்ட முதுகு ஒடிஞ்சி போச்சி. இனி வாறவங்களுக்கு இந்த வளவ நானே காட்டுவன். இதான் சீதனம், பத்து வருசத்துக்குக் கை வைக்க ஏலா, பொண்ணு இருக்கா, சம்மதமா எண்டு கேப்பன். ஓடுறவன் ஓடட்டும். நிக்கிறவன் ஒருத்தன் நிப்பான்."

"நிக்காட்டி?"

"நிக்காட்டி நீ தனியா நில்லு," என்றார் உம்மா. "நான் இரிக்கிற வரைக்கும் உனக்குச் சோறு போடுவன். நான் இல்லாட்டி நீ உழைச்சுத் தின்னுவா. அதுக்கென்ன இப்ப?"

சொல்லிவிட்டு, வட்டிலப்பக் கோப்பைகளைக் கழுவ உள்ளே போய்விட்டார். எனக்கு முதலில் பயம்தான் வந்தது. நிற்கிறவன் ஒருவன் உண்மையாகவே இருந்து தொலைத்தால், அவனை என்ன சொல்லி விரட்டுவது? அந்தப் பயத்துக்குப் பின்னாலேயே, அப்படி ஒருவனைப் பார்த்தால் நன்றாக இருக்குமே என்ற எண்ணமும் வந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை. தனியாக இருக்கலாம் என்ற, நான் எந்தக் காலத்திலும் உம்மாவிடம் கேட்கத் துணியாத அனுமதியை அவர் கோப்பை கழுவப் போகிற போக்கில் தூக்கித் தந்துவிட்டார். இனி அவரோடு சண்டை பிடிக்க என்னிடம் ஒரு காரணமும் மிச்சமில்லை. அதை நினைத்து வேலியைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.